அறுபது எண்ணிக்கையும் காசிம் பாயின் கண்ணும்

1. வெயிலில் தெரிந்தது

பெயிண்டுமேல் கண்ணாடிப் படலமாக இறுகும் செராமிக் கோட்டிங் போட்ட வண்டியின் உண்மை ஷெட்டுக்குள் முழுசாகத் தெரியாது. எத்தனை எல்.இ.டி. லைட் அடித்தாலும் சூரியன் காட்டுவதை அது காட்டாது. அதனால் பாண்டிச்சேரி தட்டாஞ்சாவடியில் என் ஷெட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். கஸ்டமரை நேரில் வரச்சொல்லி, அவர் கண் எதிரிலேயே வண்டியை வெளியே இழுத்து வெயிலில் நிறுத்துவேன். மற்ற கடைக்காரர்களுக்கு அந்தத் தைரியம் கிடையாது. எனக்கு இருந்தது.

அன்றைக்கும் அப்படித்தான் செய்தேன். மூன்று நாள் அடைமழை விட்டு வெயில் பளீரென்று அடித்தது. வண்டி கறுப்பு செடான். சொந்தக்காரர் பஸ்கால் சார். அவர் குடும்பம் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் குடும்பம். ஊரில் சொல்தா வீடு என்பார்கள். பாரிசிலிருந்து அண்ணன் வருகிறார், அவரை அழைத்துவர இந்த வண்டியில்தான் போகவேண்டும் என்று நின்றார்.

வண்டி வெளியே வந்தது. பேனட்டைப் பார்த்தேன்.

மழைத்தண்ணீரில் டீசல் சிந்தினால் எப்படித் தெரியும்? அதுபோலத் திட்டுத் திட்டாக, வானவில் நிறத்தில், பேனட் முழுக்கக் கறை. கோட்டிங்கைத் துடைக்கவேண்டிய நேரத்தில் துடைக்காமல் விட்டால் அது மேட்டுத் திட்டாகக் காய்ந்து நின்றுவிடும். ஹை ஸ்பாட் என்போம். ஒன்று இரண்டு இருந்தால் யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம். இதில் எண்ணவே முடியவில்லை.

"இன்னா மேஸ்திரி இது? எண்ணெச் சட்டிய கவுத்தா மாதிரி இருக்குது?" என்றார் பஸ்கால் சார்.

2. நான் யார், காசிம் பாய் யார்

நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஒரு டிங்கரிங் பெயிண்டிங் பட்டறையில் பட்டி தேய்க்கும் வேலையில் சேர்ந்தேன். உப்புத்தாள் பிடித்துப் பிடித்து விரல் நுனியில் ரேகையே இல்லாமல் போய்விட்டது. ஆதார் எடுக்கும்போது மெஷின் என் விரலை ஏற்கவில்லை. அந்த விரலால் தடவிப் பார்த்தே கம்பெனி பெயிண்டா, ரீபெயிண்டா என்று சொல்லிவிடுவேன். பிறகு பெயிண்டு கனம் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்தால் நான் சொன்னதே வரும். பாலிஷ் வேலையைப் பார்த்தே கற்றேன். யாரும் சொல்லித்தரவில்லை. பாண்டிச்சேரியில் கறுப்பு வண்டிக்குக் கோட்டிங் என்றால் என்னிடம்தான் வரவேண்டும் என்ற நிலைமையை உண்டாக்கினேன். இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

காசிம் பாய் என்னைவிட நாலைந்து வயது சின்னவர். முல்லா வீதிப் பக்கம் வீடு. அவர் அத்தா மரச்சாமான் பாலிஷ் போட்டவர். அந்தக் கை இவருக்கு வந்திருந்தது. சுழன்று பாலிஷ் போடும் ரோட்டரி மெஷினைக் கறுப்பு வண்டியில் வைத்து ஒரு சுழல் கோடு விழாமல் எடுப்பது லேசான காரியமில்லை. அவர் எடுப்பார். பேனலுக்குப் பக்கவாட்டில் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். லைட்டில் எனக்குத் தெரியாத கீறல்கூட அவருக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷம் என் ஷெட்டில் இருந்தார்.

3. முந்தின நாள் நடந்தது

வண்டியைத் தயார் செய்ததில் குற்றமே சொல்லமுடியாது. கழுவினோம். கடல் காற்று பெயிண்டில் படியவைக்கும் இரும்புத் துகளுக்கு மருந்து அடித்தோம், துகள் கரைந்து ஊதாவாக வழிந்தது. களிமண் கட்டி போலிருக்கும் கிளே பாரால் தேய்த்து எடுத்தோம். ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டினோம். காம்பவுண்டு என்கிற அரைப்புப் பசை போட்டுக் கட்டிங், பிறகு ஃபினிஷிங். கடைசியில் ஸ்பிரிட் கலந்த திரவத்தால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்தோம். பலபேர் இந்தக் கடைசித் துடைப்பைத்தான் விட்டுவிடுவார்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை மூடிக்கொண்டிருக்கும். கோட்டிங் அந்த எண்ணெய்மேல் உட்காரும், ஆறு மாதத்தில் போய்விடும். நாங்கள் விடவில்லை.

தப்பு அதற்குப் பிறகு நடந்தது.

கோட்டிங்கை மெத்தென்ற ஸ்வேடு துணியால் பூசி, அது வியர்த்து வானவில் காட்டும்வரை விட்டு, பிறகு துடைக்கவேண்டும். எவ்வளவு நேரம் விடுவது? என் கணக்கு அறுபது. ஒன்றிலிருந்து அறுபதுவரை வாய்விட்டு எண்ணுவோம். சித்திரை வெயிலில் ஒருதரம் நானே கண்டுபிடித்த கணக்கு. ஷெட்டில் அதுதான் சட்டம்.

அன்றைக்கு வெளியே மழை. தரையே வியர்த்துக் கிடந்தது. காசிம் பாய் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். கோட்டிங் பாட்டில் பெட்டியில் வரும் காகிதம், இங்கிலீஷில் இருக்கும்.

"அண்ணே, இத என் பொண்ணு படிச்சிப் பாத்துச்சு. ஈரக்காத்துல சீக்கிரம் புடிச்சிக்குமாம். அறுவது வோணாம்ண்ணே, இருவதுலயே தொடச்சிடலாம். கொஞ்சம் கொஞ்சமா எடம் எடுத்துப் போடலாம்."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. நாலாம் வகுப்பு படித்தவனுக்குப் படித்த பெண்ணை வைத்துப் பாடம் சொல்கிறான் என்றுதான் காதில் விழுந்தது.

"பேப்பரா வண்டிக்குப் பாலிஷ் போடுது? உம் பொண்ணு காலேஜுல படிக்கட்டும் பாய். இங்க நான் சொல்றதப் போடு."

காகிதத்தை வாங்கி டிராலியில் எறிந்தேன். பாய் பாட்டிலைத் திறந்தார். பேனட்டில் பூசினார். அறுபது எண்ணினார். துடைத்தார்.

"துணி இழுக்குதுண்ணே," என்றார்.

"அழுத்தித் தொடை."

அழுத்தித் துடைத்தார். அந்த நேரத்திலேயே புதுசாக ஒரு சொட்டு கோட்டிங்கை அதன்மேல் பூசி உடனே துடைத்திருந்தால் இளகி வந்திருக்கும். அன்றே செய்தால் பத்து நிமிஷ வேலை. ஒருநாள் தாண்டிவிட்டால் காம்பவுண்டு போட்டு மொத்தத்தையும் உரித்தாகவேண்டும். லைட் அடித்தபோது ஏதோ நிழல் தட்டுகிறது என்றும் பாய் சொன்னார். ஈரம், காலையில் போய்விடும் என்று ஷட்டரை இறக்கினேன்.

4. நான் சொன்ன ஒரு வார்த்தை

மறுபடி அந்தக் காலைக்கு வருகிறேன். பஸ்கால் சார் பேனட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நம்பித்தானே வுட்டேன் மேஸ்திரி. ஊரெல்லாம் உங்க கைதான் கைன்னாங்க. இதான் அந்தக் கையா?"

என் கையைப் பற்றி யாரும் அப்படிக் கேட்டதில்லை. பக்கத்து லேத் பட்டறை ஆட்கள்கூட வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்று பார்த்தார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"என் கையில்ல சார். பாய் போட்டது. வயசாயிடுச்சு, சுகர் வேற. அவருக்குக் கண்ணு போச்சு சார். நான்தான் கவனிக்காம வுட்டுட்டேன்."

எவ்வளவு நன்றாகச் சொன்னேன் பாருங்கள். தப்பையும் தள்ளிவிட்டு, பெரிய மனுஷன் பெயரையும் வாங்கிக்கொண்டேன்.

காசிம் பாய் கையில் துணியோடு பின்னால் நின்றிருந்தார். கிட்டே வந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"கண்ணுன்னு சொல்லாதீங்கண்ணே. கை தப்பிடுச்சின்னு சொல்லுங்க. வேற இன்னா வோணாலும் சொல்லுங்க."

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். கை இன்றைக்குத் தப்பும், நாளைக்கு நேராகும். கண் போனவன் என்று பெயர் வந்தால் அவன் கையில் யாரும் மெஷினைக் கொடுக்கமாட்டார்கள். அவர் கேட்டது அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லித்தான். பஸ்கால் சார் எதிரில் நின்றிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

பாய் துணியை மடித்து டிராலியில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பெயிண்டு சாமான் வாங்கப் போன கடையில் என்னையே கேட்டார்கள், "காசிம் பாய்க்குக் கண்ணு போச்சாமே?"

5. என் கையால் போட்டேன்

பேனட்டை நானே உரித்தேன். மீட்டர் வைத்து பெயிண்டு கனம் பார்த்து, நிறத்துக்குமேல் இருக்கும் கிளியர் கோட் போய்விடாமல் காம்பவுண்டு போட்டுத் திட்டெல்லாம் எடுத்தேன். ஸ்பிரிட்டால் துடைத்தேன். மறுபடி மழை பிடித்துக்கொண்டது. கோட்டிங்கைப் பூசினேன். அறுபது எண்ணினேன். துடைத்தேன்.

துணி இழுத்தது.

மறுநாள் வெயிலில் தள்ளிப் பார்த்தேன். அதே திட்டு, அதே வானவில், அதே இடங்கள். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை. என் கையிலும் இல்லை. என் கணக்குதான் கெட்டது.

டிராலியைக் குடைந்து அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்தேன். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. திருப்பினால், பின்பக்கம் பாயின் பெண் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தாள். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் என்று தெரிந்து, எழுத்துகளைப் பெரிசு பெரிசாக எழுதியிருந்தாள். மழைக்காலத்தில் சீக்கிரம் துடைக்கவும். இரண்டடிக்கு இரண்டடி மட்டும் பூசவும். துணி இழுத்தால் உடனே மேலே புதுசாகப் பூசித் துடைக்கவும்.

மறுபடி உரித்தேன். இரண்டடிக்கு இரண்டடி போட்டு இருபது எண்ணித் துடைத்தேன். கண்ணாடியாக வந்தது. பஸ்கால் சார் வண்டியை எடுத்துக்கொண்டு, "கடைசில உங்க கைதான் மேஸ்திரி," என்று சொல்லிவிட்டுப் போனார். அவரிடமும் அப்போது உண்மையைச் சொல்லவில்லை.

6. ரெட்டியார்பாளையம்

அன்றைக்கே பாய் வீட்டுக்குப் போனேன். பெண் கதவைத் திறந்தாள். என்னை உள்ளே கூப்பிடவில்லை.

"அத்தா ரெட்டியார்பாளையத்துல ஒரு கடைக்கு டிரயல் காட்டப் போயிருக்காங்க. மூணு கடைல வோணாம்னுட்டாங்க. இது நாலாவது."

வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். நான் போய் இறங்கியபோது கடை வாசலில் ஒரு சிவப்பு பேனட்டை ஸ்டாண்டில் வைத்திருந்தார்கள். காசிம் பாய் ரோட்டரி மெஷினோடு நின்றிருந்தார். சுற்றி ஐந்தாறு பேர். கடைக்காரர் மூன்று விரலை நீட்டினார்.

"பாய், இது எத்தினி சொல்லு?"

எல்லாரும் சிரித்தார்கள். பாயும் சிரிக்கப் பார்த்தார். மெஷினைப் போட்டார். நடுப்பகுதி நன்றாகத்தான் போயிற்று. ஓரத்து மடிப்புக்கு வந்தார். ஓரத்தில் பெயிண்டு மெல்லிசாக இருக்கும். அங்கே ஓடும் மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தவே கூடாது. இது அவருக்குத் தெரியாததா? நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குள் மெஷின் ஒரு நொடி அங்கேயே நின்றுவிட்டது. கருகின வாசனை வந்தது. சிவப்பு போய்க் கீழே இருக்கும் சாம்பல் நிறப் பிரைமர் ஒரு விரல் நீளத்துக்குப் பல்லிளித்தது.

"அவ்ளோதான், மெஷின எறக்கு," என்றார் கடைக்காரர்.

நான் கூட்டத்துக்குள் புகுந்தேன். "அவரு கண்ணுக்கு ஒண்ணுமில்ல. அந்த வண்டில தப்பு என்னுது. நான் சொன்ன கணக்கு தப்பு. அவரு வேணாம்னு சொன்னாரு, நான்தான் கேக்கல."

கடைக்காரர் என் தோளைத் தட்டினார். "பாய்க்காக நீங்க வந்து நிக்கிறீங்க பாருங்க, அந்த மனசு யாருக்கு வரும்? ஆனா உங்க கணக்கு தப்புன்னா யாரு மேஸ்திரி நம்புவா? கூட வேலை செஞ்ச ஆளுன்னு பழிய நீங்க ஏத்துக்குறீங்க."

சத்தியம் பண்ணினேன். அதற்கும் தலையை ஆட்டிச் சிரித்தார்.

காசிம் பாய் மெஷின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். "வுடுங்கண்ணே," என்றார். "இப்ப நெசமாவே தெரியல. கண்ணுல தண்ணி நின்னுடுச்சு. ஓரம் எங்க இருக்குதுன்னே தெரியல."

7. பிறகு

கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வயசுக்கு எல்லாருக்கும் வருகிற மாதிரி படிக்க ஒரு கண்ணாடி போதும், மற்றபடி கண்ணில் ஒரு குறையுமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைக் கடை கடையாக எடுத்துப்போய்க் காட்டினேன், யாரும் ஏற்கவில்லை. பஸ்கால் சாரிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். "உங்கள மாதிரி மொதலாளி கெடைக்க அந்த பாய் குடுத்து வச்சிருக்கணும்," என்றார். என் ஷெட்டிலேயே வந்து சேருங்கள் என்று பாயை மூன்று முறை கூப்பிட்டேன். கடைசி முறை சொன்னார்: "மெஷின் சத்தம் கேட்டாலே கை உதறுதுண்ணே. உங்க மேல கோவமில்ல."

கோபமில்லை என்றது எனக்குத் தாங்கவில்லை. இப்போது பாய் பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு துணிக்கடையில் துணி மடித்து அடுக்குகிறார்.

வாழ்நாள் பூரா நான் தப்பே செய்யாதவன் என்று ஊரில் சொல்லிவைத்தேன். ஊர் நம்பிவிட்டது. இனி நானே போய் இல்லை என்றாலும் கேட்க ஆளில்லை. அதனால்தான் இதை ஒருவரிடம் சொல்லி எழுத்தில் வைக்கிறேன். அந்தக் கறுப்பு வண்டியின் பேனட்டைக் கெடுத்தது என் அறுபது எண்ணிக்கை. காசிம் பாயின் கண்ணில் குறை இருந்ததில்லை.

தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு பேனல் கெட்டால், அதே பேனலை, அதே ஈரத்தில், அதே கணக்கில் முதலில் உன் கையால் போட்டுப் பார். மறுநாள் வெயிலில் வைத்துப் பார். அதற்கு அப்புறம் வாயைத் திற. நான் வாயை முதலில் திறந்தேன்.