ஒவ்வொன்றாக வாங்குபவர்

அந்தப் பர்கர் கடையில் முதல் முறை வரிசையில் நின்று அவர் வாங்குவது ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும்தான். அதைக் கொண்டுவந்து மகள் முன்னால் வைத்து, மூடியைத் திருகிக் கொடுத்துவிட்டு மறுபடியும் வரிசைக்குப் போவார். அடுத்த நடையில் அவளுக்கு ஒரு பர்கர். அதற்கடுத்து உருளைக்கிழங்கு வறுவல். பிறகு தனக்கு ஒரு பர்கர். கடைசியாக ஐஸ்கிரீம். சனிக்கிழமை மதியம், ஊரே பசியோடு வந்து நிற்கிற நேரத்தில், ஐந்து சாமானுக்கு ஐந்து தடவை வரிசையில் நிற்கிற ஒரே ஆள் அவர்தான்.

கல்லாவில் இருக்கும் பெண் ஆரம்பத்தில் அவரை மறதிக்காரர் என்று நினைத்திருந்தாள். எல்லாவற்றையும் மொத்தமாகச் சொன்னால் ஒரே தட்டில் வந்துவிடும் என்று பலமுறை சொல்லிப் பார்த்தாள். "வரட்டும்மா, ஒண்ணொண்ணா வரட்டும். யாருக்கு என்ன அவசரம்" என்பார். அவருக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு அவசரம்தான். அதை முணுமுணுக்கவும் செய்வார்கள். அது அவர் காதில் விழாதது போலிருக்கும். ஆனால் அவர் லிஃப்ட் மெக்கானிக். காதுதான் அவர் பிழைப்பு. கட்டடத்துக்குள் நுழைந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றாரென்றால், எத்தனாவது மாடியில் கதவு உரசுகிறது என்று சொல்லிவிடுவார்.

லிஃப்ட் கதவு எத்தனை நொடி திறந்திருக்க வேண்டும் என்பதை வைப்பதும் அவர் வேலைதான். அலுவலகங்களுக்கு நான்கு நொடி. ஒரு முதியோர் இல்லத்துக்கு, யாரையும் கேட்காமல், பன்னிரண்டு வைத்துவிட்டு வந்தார். மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டபோது, "அவங்க கோல ஊனி உள்ள வரவேணாமா சார்? கதவு என்ன, காபி குடிக்கவா போகப்போகுது?" என்றார். அதனால், ஓரிடம் ஆட்களை விரட்டுவதற்கென்று கட்டப்பட்டிருந்தால் அவருக்கு உடனே தெரிந்துவிடும். அந்தக் கடையின் நாற்காலிகள் முன்பக்கம் லேசாகச் சரிந்தவை, தரையோடு முடுக்கப்பட்டவை. பாட்டு ஓட்டமாக ஓடும். விளக்கு கண்ணைக் குத்தும். குப்பைத் தொட்டி வாசலை ஒட்டியே இருக்கும், தின்றதைப் போட்டுவிட்டு அப்படியே நடையைக் கட்டலாம் என்பதுபோல. "இந்த நாற்காலி இருபது நிமிஷத்துக்குச் செஞ்சது பாப்பா. அதுக்கு மேல உக்காந்தா முதுகு வாடகை கேக்கும்" என்று மகளிடம் சொல்லியிருக்கிறார்.

மகளுக்கு இப்போது பதினேழு வயது. பதினோரு வயதில் ஒருநாள் தட்டிலிருந்த கறியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, இனிமேல் வேண்டாம் என்றாள். காரணம் சொல்லவில்லை. எலும்பைக் கடித்து உறிஞ்சாமல் சாப்பாடு முடிந்ததாக ஒப்புக்கொள்ளாத மனிதருக்கு அது பெரிய அடி. ஆனால் அதைவிடப் பெரிய அடிகள் அந்த வருஷம் வீட்டில் விழுந்துகொண்டிருந்தன. மழைக்காலம் முடிவதற்குள் அவர் மனைவியைப் பிரிந்து, தனியாக ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டார். சனிக்கிழமை பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மகள் அவருடன் இருக்கலாம் என்று முடிவாயிற்று.

முதல் சனிக்கிழமை தான் வழக்கமாகச் சாப்பிடும் இடத்துக்கு அவளைக் கூட்டிப்போனார். சூப் வந்தது. காய் சூப்தானே என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றார். கரண்டியைக் கையில் எடுத்தபிறகு இன்னொரு தடவை கேட்டாள். ஆமாம் என்றார் இரண்டாவது தடவையும். அது எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுத்த சாறு. பாதிக் கிண்ணம் காலியானபோது, சோளத்துக்கு அடியில் நகத்தளவு எலும்புச் சில்லு ஒன்று தட்டுப்பட்டது. அவள் அழவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மூன்று மணிவரைக்கும் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் இந்தக் கடையைக் கை காட்டியவள் அவள்தான். "அங்க போலாம். அங்கன்னா எதையும் கேக்க வேண்டியதில்ல" என்றாள்.

அது உண்மைதான். முழுக்க முழுக்கச் சைவம். ஒரே அடுப்பு, ஒரே எண்ணெய். படத்தில் விரலை வைத்தால் போதும். பிடிப்பது பிடிக்காததெல்லாம் உண்டு, ஆனால் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஒரு குடும்பத்தில் ஆளுக்கொரு விதமாகச் சாப்பிடுகிறவர்கள் ஆறு பேர் வந்தாலும் சண்டையில்லாமல் உட்கார்ந்து எழலாம். நல்ல கடை என்றுதான் அவரும் சொல்கிறார். பொய் சொல்ல இடமில்லாத கடை அது. அந்த நிம்மதிக்காகவே ஆறு வருஷமாக அந்தச் சரிந்த நாற்காலியைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்.

மற்றபடி அந்தச் சாப்பாட்டில் அவருக்கு மயக்கம் எதுவும் கிடையாது. கட்லெட் உறைந்த மூட்டையில் வந்திறங்குவதைப் பின்வாசலில் பார்த்திருக்கிறார். எந்த மாதம் தின்றாலும் ஒரே ருசி. அதிலிருக்கும் காய், கடலில் கரைத்த பெருங்காயம். வயிறு திம்மென்று நிறையும், நாலு மணிக்கெல்லாம் மறுபடி கத்தும். போன வருஷம் ரத்த அழுத்தம் என்று மருத்துவர் கண்டிப்புக் காட்டியபோது, வாரத்தில் ஒருநாள் சைவம் சாப்பிடுவதை மெத்தப் பெருமையாகச் சொன்னார். எங்கே, என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்ட மருத்துவர், "உப்பும் எண்ணெயும்கூடச் சைவம்தாங்க" என்றார். இதைக் கேள்விப்பட்டதிலிருந்து கூட வேலை பார்க்கிறவர்கள் விடுவதில்லை. சனிக்கிழமை காலையில், "என்னண்ணே, இன்னைக்குப் புல்லா?" என்பார்கள். "ஆமாண்டா, மேய்ச்சலுக்குப் போறேன்" என்று நகத்திடுக்கிலிருக்கும் கிரீஸைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருப்பார்.

அந்தச் சூப்பைப் பற்றி மகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்பது அவருடைய ஆறு வருஷத்து வேலை. மொட்டை மாடி மோட்டார் அறைகளில் தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்த்துக்கொள்வார். நான்கு வாக்கியம். மனப்பாடம். ஆனால் அவள் எதிரே உட்கார்ந்து, அது தொண்டைவரை வந்ததும், "வேற என்ன வேணும் பாப்பா?" என்று வாய் தானாகக் கேட்டுவிடும். கால் தானாக எழுந்து வரிசைக்குப் போய்விடும்.

போன சனிக்கிழமை கடைசிச் சனிக்கிழமை. வியாழக்கிழமை அவள் ரயில் ஏறுகிறாள். வெளியூர்ப் படிப்பு, விடுதி, இனி விடுமுறைக்கு வந்தால் உண்டு. வாக்கியங்களைச் சட்டைப்பையில் எழுதிவைக்காத குறையாகத்தான் அவர் வந்தார். தண்ணீர் வாங்கினார். பர்கர் வாங்கினார். மூன்றாவது முறை எழுந்தபோது அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"உக்காருங்கப்பா."

"வறுவல் சொல்லிட்டு வந்துடறேன். ரெண்டு நிமிஷம்."

"ரெண்டு நிமிஷம் இல்ல, பத்து நிமிஷம். ஒவ்வொரு தடவையும். சனிக்கிழமைன்னு நெனச்சா எனக்கு உங்க முதுகுதான்பா ஞாபகம் வருது."

உட்கார்ந்தார். ஒன்றொன்றாக வாங்கினால் அவளோடிருக்கும் நேரம் நீளும் என்று நம்பிக்கொண்டிருந்தவர் அவர். வரிசையிலேயே கரைந்த நேரத்தை, நொடிக்கணக்குப் பார்த்துக் கதவு வைக்கிற அந்த மனிதர், ஒரு நாளும் கூட்டிப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு அந்தச் சூப்பு..." என்றார்.

"தெரியும்."

"நீ ரொம்ப எளச்சுப் போயிருந்தே. உடம்புக்குத் தெம்பா இருக்கட்டுமேன்னு..."

"எனக்குக் கோவம் சூப்புக்காக இல்லப்பா." அவள் குரல் உயரவில்லை. "நான் ரெண்டு தடவ கேட்டேன். அந்த வாரம் பூரா அம்மா, 'அப்பா கொஞ்ச நாள்ல வந்துடுவாரு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அது பொய்யின்னு எனக்குத் தெரியும். நீங்களாவது நெசத்தைச் சொல்லுவீங்களான்னு பாக்கத்தான் ரெண்டாவது தடவ கேட்டேன்."

பக்கத்து மேசைக் குழந்தை குளிர்பானத்தைக் கவிழ்த்துவிட்டு, அதன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தது. அவர் தண்ணீர் பாட்டிலின் மூடியை எடுத்து மறுபடி திருகி மூடினார். நான்கு வாக்கியத்தில் மிஞ்சியது ஒரே வார்த்தைதான். "தப்புதான்" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். அதைக் கேட்டுக்கொண்டேன் என்பதற்கு மேல் அந்த ஆட்டலில் எதையும் படிக்க முடியவில்லை. பிறகு, பசிக்கிறது என்றாள். வறுவலைத் தானே வாங்கி வருவதாகச் சொல்லி, அவர் எழுவதற்குள் எழுந்து போய்விட்டாள்.

அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து வரிசை தெரியாது. சுவர்தான் தெரியும். சுவரைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு போய், அவள் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தார். ஏழு பேருக்குப் பின்னால், தோளில் பை தொங்க, அவள் முதுகு தெரிந்தது. இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, அது ஒவ்வொரு ஆளாக முன்னே நகர்வதைப் பார்க்கத் தொடங்கினார்.