அமாவாசைக்கு ஒரு கோளாறு

அமாவாசைக்குக் கடையடைப்பவர்கள் மலைமேல் இருக்கும் எங்கள் செம்மேட்டில் பலர் உண்டு. நன்றாக ஓடும் கம்ப்யூட்டரைக் கெடுத்துப் பார்ப்பதற்காகக் கடையடைத்தவர் என் சித்தி ஒருவர்தான்.

டிப்ளமோ முடித்த சித்தி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டைப்பிங், இன்டர்நெட் கடை வைத்திருந்தார். மலையில் ரிப்பேருக்கு ஆள் கிடையாது. ஒருமுறை பெட்டியை நாமக்கல்லுக்கு பஸ்ஸில் அனுப்பினார். ஒரு கோளாறு சரியாகி, கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கலில் வேறு இரண்டோடு திரும்பி வந்தது. அதிலிருந்துதான் இந்த விளையாட்டு.

சித்தி வெளியே போய் நிற்பார். நான் வயரைப் பிடுங்கிவிட்டு, உள்ளே எதையாவது கழற்றி வைத்து, "வாங்க சித்தி!" என்று கத்துவேன். அவர் திணறினால் எனக்கு ஒரு மணி நேரம் கார் ரேஸ். நான் செய்யாத வேலையில்லை. மவுஸ் வயரையும் கீபோர்டு வயரையும் இடம் மாற்றினேன். ராம் என்கிற விரல் நீளப் பட்டையை லேசாகத் தூக்கிவிட்டேன்; பெட்டி பீப் பீப் என்று அலறியது. "கரண்டு, கேபிள், ராம், டிஸ்க்கு" என்று முணுமுணுத்தபடி வரிசை மாறாமல் தேடிக் கண்டுபிடித்துவிடுவார். கார் ரேஸ் கிடைக்கவேயில்லை.

"ஏம்புள்ள, நல்லா ஓடறதக் கெடுத்து வெளையாடறியே, ஒரு நா நெசமாவே படுத்துக்கும் பாரு" என்பார் சித்தப்பா.

"அதுக்குத்தானுங்க" என்பார் சித்தி.

பிளஸ் டூ ரிசல்ட் அன்று நெசமாகவே படுத்தது. வளப்பூர் நாட்டு மலைக் கிராமங்களிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள் வாசலை அடைத்து நின்றார்கள். இன்டர்நெட் இருந்தது ஒரே பெட்டியில். இன்றைக்குச் சொதப்பினால் கடையை விற்றுவிடலாம் என்று காலையில்தான் சித்தப்பா சொல்லியிருந்தார். கரண்ட் போய் வந்தது. பெட்டி அலறியது.

"ஏனுங்க, பீப்புன்னு கத்துனா பெயிலுங்களா?" என்றார் ஒரு அப்பா.

சித்தி என்னைப் பார்த்தார். "கண்ணு, நீ கை வெச்சியா?"

"இல்லீங்க சித்தி! ஆனா இது நான் முன்னாடியே கேட்ட பழைய கேள்வி!"

எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. சித்தி வயரைப் பிடுங்கினார். முணுமுணுப்பு தொடங்கியது. ராமைக் கழற்றி, என் ரப்பரை வாங்கி, பட்டையின் ஓரத்து உலோகப் பற்களைத் தேய்த்து மாட்டினார். ஒரே ஒரு பீப். திரை மலர்ந்தது. சற்று நேரத்தில் முதல் நம்பரே பாஸ்! அந்த அப்பா போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும்.

அடுத்த அமாவாசைக்கு சித்தப்பாவே ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். "நகரு சாமி, இன்னிக்கு நான் கழட்டறேன்."

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. ரிசல்ட் அன்று ரப்பரைத் திருப்பித் தரும்போது, அது சித்தியின் விரல்களிலிருந்து இரண்டு தடவை நழுவி விழுந்தது. கஷ்டமான கேள்விகளுக்கெல்லாம் ஆடாத கை, இத்தனை சுலபமான கேள்விக்கு ஏன் அப்படி நடுங்கியது?