பிடிச்சதைச் சாப்பிடுங்க!

பாளையங்கோட்டையில் சிறுநீரகப் பிரிவு நர்சாக இருந்து போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள், "பேஷன்ட்கிட்ட என்ன சொல்லக் கூடாது சிஸ்டர்?" என்று கேட்டால் உடன்குடி அண்ணாச்சி கதையைத்தான் எடுத்துவிடுவேன்.

அண்ணாச்சிக்கு அறுபது தாண்டியிருந்தது. கருப்பட்டி மொத்த வியாபாரம். லேசாகச் சுகரும் உண்டு. பிஎஸ்ஏ என்கிற ரத்தப் பரிசோதனையில் அளவு கூடியிருந்ததால் புராஸ்டேட் சுரப்பியில் பயாப்ஸி எடுத்தோம். ஊசியால் எடுத்த பன்னிரண்டு துணுக்கில் ஒன்றில் மட்டும், அதுவும் ஒரு ஓரத்தில், புற்றுநோய். கிளீசன் ஸ்கோர் ஆறு. பத்துக்கு ஆறு என்றால் யாருக்கும் பகீர் என்றுதான் இருக்கும். ஆனால் இந்த ரிப்போர்ட்டில் புற்றுநோய்க்கு வழக்கமாகப் போடும் குறைந்த மார்க்கே ஆறுதான்.

இப்படிப்பட்ட சின்னப் புற்று பெரும்பாலும் மெதுவாகத்தான் வளரும். பலருக்கு ஆயுசு முழுக்க ஒன்றும் செய்யாது. வெட்டி எடுக்கப் போனால் சிறுநீர் சொட்டுவது, ஆண்மைக் குறைவு என்று புதுத் தொல்லை வரலாம். அவ்வப்போது பிஎஸ்ஏ, ஸ்கேன், பிறகு மறுபடி பயாப்ஸி என்று கண்காணித்தால் போதும்.

எங்கள் டாக்டர் சென்னைக்காரர், தங்கமான மனிதர். அண்ணாச்சியின் கலக்கத்தைப் பார்த்துத் தோளில் தட்டினார். "ஆபரேஷன்லாம் வேணாங்க. வீட்டுக்குப் போங்க, பிடிச்சதைச் சாப்பிடுங்க, சந்தோஷமா இருங்க. டெஸ்ட்டுக்கு மட்டும் வந்துடுங்க."

கடைசி வரி யார் காதில் ஏறும்? நம் ஊரில் ஒரு டாக்டர் வீட்டுக்குப் போகச் சொல்லி, பிடித்ததைச் சாப்பிடவும் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்று வாரம் கழித்து அண்ணாச்சி, மனைவி, மகன் மூவரும் வந்து பயாப்ஸி ஸ்லைடைக் கேட்டார்கள்.

"மதுரையில ஆபரேஷன் பண்ணப் போறோம் சிஸ்டர். இங்கதான் கைவிட்டுட்டியள்லா" என்றான் மகன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மூவரையும் டாக்டரிடம் கூட்டிப் போனேன். மதுரையில் எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்ததும் டாக்டர் குதித்தார்.

"சுகர் முந்நூறைத் தாண்டிருக்கு! என்னத்தைச் சாப்பிட்டீங்க?"

"அல்வாதான். பாக்க வாரவன் எல்லாம் அரைக் கிலோ வாங்கிட்டு வாரான். மக வேற வந்து உக்காந்து, அழுதுக்கிட்டே அதிரசம் சுடுதா. பிடிச்சதைச் சாப்பிடச் சொல்லி நீங்கதான சொன்னீய?"

"அதுக்காக? இனிமே அல்வாவைக் கையால தொடக் கூடாது! இன்னும் இருபது வருஷத்துக்குக் கண்ணு, கிட்னியெல்லாம் வேணாமா உங்களுக்கு?"

அண்ணாச்சி பைய என் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டரம்மா, இருபது வருசம்னா சொல்லுதாவ?"

டாக்டருக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டு, படம் வரைந்து, முதலிலிருந்து சொன்னார்.

"ஒருவேளை வளந்துட்டுன்னா?" மகன் விடவில்லை.

"அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த டெஸ்ட் எல்லாம். வளர ஆரம்பிச்சா நானே ஆபரேஷனுக்குச் சொல்வேன். அதனால ஒரு டெஸ்ட்டைக்கூட விடக் கூடாது."

மகன் மதுரைக்குப் போன் போட்டு ஆபரேஷன் வேண்டாம் என்றான். எனக்குப் போன உயிர் வந்தது.

பிள்ளைகளே, சும்மா இருந்தால் போதும் என்று மட்டும் ஒருவரை அனுப்பாதீர்கள். முதலில் அடுத்து வரவேண்டிய தேதியைச் சொல்லுங்கள். நாலு விஷயத்தைக் கூடாது என்று கண்டித்தும் சொல்லுங்கள். பிழைக்கப் போகிறவனைத்தானே கண்டிப்பார்கள்?

அன்றைக்கு அதுவரை வாயே திறக்காத அண்ணாச்சியின் மனைவி வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மூணு வாரமா இவியள ஒரு சொல்லு சொல்லல சிஸ்டர். போற மனுசனை ஏன் ஏசணும்னு இருந்துட்டேன்."

அண்ணாச்சி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு அதட்டல் போட்டார்.

"செருப்பை எங்கன கழத்திப் போட்டீய? எத்தனை மட்டம் சொல்ல, ஒரு எடமா போடுங்கன்னு!"

அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்.