வாயை மட்டும் அசைக்க மாட்டேன்

ஹில்டா தாம்பரம் தொலைபேசி நிலையத்தில் வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் கால் ஆபரேட்டராக இருந்தாள். அவள் 'ஹலோ' என்றால் எதிர்முனையில் கத்திக்கொண்டிருப்பவர்கூடக் குரலைத் தணித்துக்கொள்வார் என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில், சேலையூர் கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் இருந்த சின்ன ஆலயத்தில், அதே குரல் பாடகர் குழுவை இழுத்துக்கொண்டு போகும். உச்ச ஸ்தாயி என்றால் ஹில்டாதான். அது அவளுக்கும் தெரியும்.

1986இல் அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. கட்டி குரல் நரம்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, உயிருக்குப் பயமில்லை, குரலுக்கு உத்தரவாதம் தர முடியாது என்று டாக்டர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். அப்படியே ஆயிற்று. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் தொண்டையிலிருந்து வந்தது, துருப்பிடித்த ஷட்டரை இறக்குகிற மாதிரி ஒரு சத்தம்.

ஆபீஸில் பைல்கள் அடுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அது அவளை அவ்வளவாக உறுத்தவில்லை. ஆலயத்தில்தான் தாங்க முடியவில்லை. எல்லோரும் எழுந்து பாடும்போது அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். 'பாட்டு வேணும்னா குரலை விட்டு வச்சிருக்கணும். எடுத்துக்கிட்டவர் நீர்தானே' என்று ஆண்டவரோடு மனசுக்குள் சண்டை போட்டாள்.

மாதங்கள் இப்படியே போயின. ஒரு நாள் காலை தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்றிருந்தபோது, தன்னை அறியாமல் ஒரு கீர்த்தனையை முணுமுணுத்துவிட்டாள். பக்கத்து வீட்டில் பூக்கட்டும் லோகநாயகி திரும்பிப் பார்த்தாள்.

“இன்னாக்கா, தொண்ட இப்டி கீது, எதுக்கு இஸ்துகினு பாடுற? வலிக்கல?”

“வலிக்குதுதான்.”

“அப்றம் இன்னாத்துக்கு?”

லாரி வந்ததும் ஹில்டா குடத்தை நிரப்பினாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது யோசித்தாள். இத்தனை வருஷமாகப் பாடும்போதெல்லாம் தன் குரலைத்தான் ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்று கேட்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் பாட்டு வந்தது. வீட்டில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அந்தக் கீர்த்தனையைக் கடைசிச் சரணம்வரை பாடினாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே பாடினாள்.

அடுத்த ஞாயிறு, ஆலயத்தின் முதல் பெஞ்சில் எழுந்து நின்று பாடினாள். யாரோ சிரித்தார்கள். பின்னால் இருந்த ஒரு குடும்பம் வேறு பெஞ்சுக்கு மாறிக்கொண்டது.

பாடகர் குழுத் தலைவர் ஞானாபரணம் நல்ல மனிதர். சுருதி விஷயத்தில் மட்டும் இரக்கம் கிடையாது. கிறிஸ்துமஸ் கீத ஆராதனை நெருங்கியபோது அவரே ஹில்டாவின் வீட்டுக்கு வந்தார்.

“ஹில்டா, இந்த வருஷம் வெளியிலேருந்து கெஸ்ட் எல்லாம் வர்றாங்க. நீங்க இல்லாம குழு நல்லா இருக்காது. அங்கி போட்டுக்கிட்டு வந்து நில்லுங்க. வாயை மட்டும் அசைச்சாப் போதும்.”

மரியாதை செய்வதாகத்தான் அவர் நினைத்திருந்தார்.

“யாரை ஏமாத்தணும் சார்? கெஸ்ட்டையா, ஆண்டவரையா?”

“அப்படி இல்லம்மா. மத்தவங்க ஆராதனை கெட்டுடக் கூடாது இல்ல?”

“என் ஆராதனை?”

“மனசுக்குள்ள பாடுங்க. அதையும் அவர் கேப்பார்.”

“சத்தமே வராதவங்க மனசுக்குள்ள பாடட்டும் சார். எனக்கு இன்னும் வருதே. வர்ற வரைக்கும் அது அவருக்குத்தான்.”

அலமாரியிலிருந்த வெள்ளை அங்கியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். பிறகு போதகர், பின் பெஞ்சில் உட்காரும்படி ஆள்மூலம் சொல்லி அனுப்பினார். முடியாது என்று அதே ஆளிடம் சொல்லி அனுப்பினாள்.

கீத ஆராதனை அன்று வராண்டாவிலும் நாற்காலி போட்டிருந்தார்கள். குழு தனியாகப் பாடியபோது ஹில்டா வாய் திறக்கவில்லை. அது அவர்கள் முறை. சபையார் பாட வேண்டிய பாட்டு வந்ததும் எழுந்தாள். முதல் அடியிலேயே அவள் குரல் கரகரவென்று தனியாகத் தெரிந்தது. இரண்டாம் சரணத்தில் ஞானாபரணம் பொறுக்க முடியாமல் கையை உயர்த்தினார். ஆர்கன் நின்றது. குழு நின்றது. சபையும் நின்றது.

ஹில்டா நிறுத்தவில்லை. முன்னாலிருந்த கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, பீடத்துச் சிலுவையைப் பார்த்தபடி பாடினாள். சில இடங்களில் குரல் அறவே போய் வெறும் காற்று வந்தது. அந்தக் காற்றையும் விட்டுவிடாமல் பாடினாள். சரணம் முடிந்தது.

அப்போது வராண்டாவிலிருந்து ஒருவர் அடுத்த சரணத்தை எடுத்தார். தண்டவாளம் பராமரிக்கும் ரயில்வே கேங்மேன் சிட்டிபாபு. சுருதி எங்கே இருக்கிறது என்றே அறியாதவர். அதுவரை அவர் ஆலயத்தில் பாடி யாரும் கேட்டதில்லை. அவரைத் தொடர்ந்து இன்னும் சிலர். ஞானாபரணம் உயர்த்திய கையை இறக்கினார். பிறகு ஆர்கனுக்குச் சைகை காட்டினார்.

“நீங்க பண்ணது சரியில்ல” என்றார் ஞானாபரணம், ஆராதனை முடிந்ததும் வாசலில்.

“இருக்கட்டும் சார்” என்றாள் ஹில்டா.

இருவருமே கடைசிவரை மாறவில்லை. ஆனால் அதன்பிறகு அவர் பாட்டை நிறுத்தவும் இல்லை; ஆர்கனைக் கொஞ்சம் சத்தமாக வாசிக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் சிட்டிபாபுவும், பாட வராது என்று ஒதுங்கியிருந்த இன்னும் மூன்று நான்கு பேரும் முதல் பெஞ்சுக்கு வந்துவிட்டார்கள். தகரத்தைத் தட்டுகிற மாதிரி சத்தம் வருகிறது என்று வாலிபர்கள் அதற்குத் 'தகர பெஞ்ச்' என்று பெயர் வைத்தார்கள். அது ஹில்டாவின் காதுக்கும் எட்டியது. அடுத்த ஞாயிறு, பெயர் வைத்தவனை ஆலய வாசலிலேயே பிடித்தாள்.

“தகர பெஞ்ச்ல ஒரு இடம் காலியா இருக்கு தம்பி. வர்றியா?”

முகம் சிவக்க அவன் நழுவிவிட்டான். ஆராதனை மணி அடித்ததும் அவனுடைய அம்மா வந்து அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தாள்.