பிளேனில் கொண்டுவர ஒரு நிபந்தனை

போன வாரம் லப்பைக்குடிக்காட்டில் ஒரு வீட்டில் உட்கார்ந்து இன்ஷூரன்ஸ் பாலிசியைப் படித்துக் காட்டினேன். இனி ஜென்மத்துக்கும் அந்த வேலைக்குப் போக மாட்டேன்.

பெரம்பலூரில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஜபருல்லாதான் கூட்டிப்போனார். அவர் தங்கை மெகருன்னிசாவின் கணவர் கரீம், துபாயில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஊருக்குக் கொண்டுவந்து திருச்சியில் காட்ட வேண்டும் என்று வீடே தவிக்கிறது.

"உடம்புக்கு ஒண்ணுன்னா பிளேன்ல கொண்டாந்து வூட்டுல வுட்டுருவாங்கன்னு ஏஜெண்டு சொன்னாருங்க" என்றார் ஜபருல்லா.

பாலிசியை யார் படிக்கிறார்கள்? ஏஜெண்ட் சொன்னதை நம்பித்தானே எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம்...

பிளேன் உண்டு — அங்கே வைத்தியம் முடியாது என்று டாக்டர் எழுதினால் மட்டும். அதுவும், வசதியுள்ள பக்கத்து ஆஸ்பத்திரி வரைக்கும்தான். திருச்சிக்கு என்று எங்கேயும் இல்லை.

சரி, டாக்டர் எழுதுவாரா? கரீம் பேசி அனுப்பிய கேசட்டைப் போட்டார்கள். துபாயில் ஆள் இருக்கும் வீடுகளில் இப்போதெல்லாம் கடிதாசிக்குப் பதில் கேசட்தான்.

"உம்மா, எனக்கு வலியே இல்ல. இங்க எல்லா வசதியும் இருக்கு. டாக்டரு கேட்டாரு, கம்பெனி ஆபீசரு கேட்டாரு... அவங்ககிட்டயும் அதான் சொன்னேன்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உம்மா கலங்கக் கூடாதென்று வீட்டுக்கு ஒரு பொய். சம்பளம் கொடுக்கிறவனிடம் குறை சொல்லக் கூச்சப்பட்டு அங்கேயும் அதே பொய். நம் ஜில்லாக்காரனை யார் விசாரித்தாலும், உயிர் போகிற வலியிலும், "நல்லாருக்கேங்க" என்றுதானே சொல்கிறான்? பிறகு டாக்டர் எதை வைத்து எழுதுவார்?

மெகருன்னிசா மெதுவாகக் கேட்டார். "மௌத்தாயிட்டா என்ன போட்டிருக்குண்ணே?"

மறைத்திருக்கலாம். வாயில் வந்துவிட்டது. உடலை ஊர்வரை கொண்டுவரும் செலவு முழுக்க உண்டு.

"அப்ப உசுரோட வர்றதுக்குத்தான் இத்தனை சட்டமாண்ணே?"

 பாலிசியை மடித்து உறையில் வைத்தேன்.

மூலையில் உட்கார்ந்திருந்த கரீமின் உம்மா, டேப் ரிக்கார்டரைத் தன் பக்கம் இழுத்தார். ஜபருல்லா புது கேசட்டைப் போட்டு பொத்தானை அழுத்தினார்.

"அத்தா கரீமு, நான் அழமாட்டேன். டாக்டரு கேட்டா வலிக்குதுன்னு சொல்லுப்பா."

சொல்லும்போதே அழுதுவிட்டார். அதை அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்தோம்.

அதிலும் அழுதார். அப்படியே அனுப்பச் சொல்லிவிட்டேன்.