சத்தம் நின்ற சாயங்காலம்

கரண்ட் போனால் ஊரே உச்சுக் கொட்டும். ஒரே ஒருவனுக்கு மட்டும் முகம் மலரும். கடைத்தெருவின் கோடியில், தகரக் கொட்டகைக்குள் ஜெனரேட்டர் வைத்திருந்த அந்த ஆளுக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று உண்டு. கூடப் பிறந்த அக்காவே கொஞ்சம் யோசித்துத்தான் அதைச் சொல்வாள். ஊருக்கு அவன் டீசல். எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் எண்ணெய் வாடை போகாத ஆளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்?

அந்த ஊர் கரண்டுக்கு மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையின் குணம். எப்போது வரும், எதற்குக் கோபித்துக்கொண்டு போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதிலும் பொழுது சாய்ந்து, கடைகளில் நாலு பேர் ஏறுகிற நேரமாகப் பார்த்துத்தான் போகும். "போச்சு!" என்று யாராவது குரல் கொடுத்ததும் டீசல் கொட்டகைக்குள் பாய்வான். இரண்டு கையாலும் கைப்பிடியைச் சுற்றுவான். இயந்திரம் இருமும், கரும்புகை துப்பும், பிறகு தகரம் அதிரக் கிளம்பும். தெரு நெடுகக் கடைக்கு ஒரு பல்பும் ஒரு ஃபேனும் உயிர் பெறும். வயர் எல்லாம் அவனே ஏணி போட்டு ஏறி இழுத்தது. எது எந்தக் கடைக்குப் போகிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வான். நிஜக் கரண்ட் திரும்பி வந்ததும் தெரு முழுக்க "ஓ!" என்று ஒரு கூச்சல் எழும். டீசல் பெருமூச்சு விட்டு இயந்திரத்தை நிறுத்துவான்.

ஜெனரேட்டர் வெளிச்சத்தோடு இன்னொன்றையும் அந்தத் தெருவுக்குக் கொடுத்திருந்தது. அங்கே யாருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது. மருந்துக்கடைக்காரர், "என்ன, வயித்துப்போக்கா? எத்தனை தடவை?" என்று அடித்தொண்டையில் கேட்பார். வந்தவரும் அதே மாதிரி கத்திப் பதில் சொல்வார். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவனுக்கே ஒன்றும் கேட்காது என்பதால் யாருக்கும் கூச்சமில்லை.

டீசலின் நிலைமை இன்னும் மோசம். இயந்திரத்தின் வாயருகே வருஷக்கணக்காக நின்றவன். அவன் குரலில் ஒரே ஒரு அளவுதான் இருந்தது.

"பக்கத்துல தானேடா உக்காந்திருக்கேன்? பக்கத்து ஊருக்கா பேசற?" என்பாள் அக்கா. புருஷன் போனபின் தம்பியோடு வந்து தங்கியவள். தம்பிக்கு ஒரு கல்யாணம் செய்துவைக்க அவள் ஏறாத வாசல் இல்லை. ஒரு வீட்டில் "பொண்ணு என்ன படிச்சிருக்கு?" என்று இவன் மரியாதையாகத்தான் கேட்டான். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டு எழுந்தது. அந்தச் சம்பந்தம் அதோடு சரி. அதற்குப் பிறகு அக்காவும் கை விரித்துவிட்டாள். வயது நாற்பதைத் தாண்டியது.

கொட்டகையை ஒட்டினாற்போல் தையற்கடை. நடுவில் ஒரு சுவர், சுவரில் கம்பி வைத்த ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் டைலரம்மா உட்கார்ந்து தைப்பாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுப்பது அவளுக்கு நிரந்தர வேலை. தம்பி தங்கைகளை ஆளாக்கி அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தவள். தானுண்டு தன் மெஷின் உண்டு என்று இருப்பாள். வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும். அதனால் அதிகம் பேசவும் மாட்டாள்.

டீசலுக்கு அவள்மேல் உயிர். ஆனால் தெரு அமைதியாக இருக்கும்போது அவளைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இத்தனை பெரிய குரலை வைத்துக்கொண்டு ஒரு "சௌக்கியமா" கேட்க அவனால் முடியாது. ஜெனரேட்டர் ஓடினால் புலி, நின்றால் பூனை.

ஒரு நாள் இயந்திரத்தைக் கிளப்பிவிட்டு ஜன்னலுக்கு வந்து, "பல்பு எரியுதா?" என்று கேட்டான். அவளுக்கு எங்கே கேட்கும்? வாயில் ஊசியோடு தலையை ஆட்டினாள். மறுநாள் கொஞ்சம் துணிச்சல் வந்து, "இன்னிக்கு உங்க முகம் ரொம்ப லட்சணமா இருக்கு" என்றான். அதற்கும் ஆட்டினாள். அதற்கடுத்த நாள், தெய்வமே துணை என்று, "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?" என்றான். அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டு மறுபடி மெஷினை மிதித்தாள்.

டீசல் அன்று தரையில் நடக்கவில்லை. அவளுக்கு ஒரு எழுத்தும் கேட்டிருக்காது என்று அவனுக்கா தெரியாது? தெரியும். இருந்தாலும் கேட்டாயிற்று, அவளும் தலையாட்டியாயிற்று. அந்தச் சந்தோஷம் பொய்யென்று யார் சொல்ல முடியும்? அன்றிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் கரண்ட் போகும், அவன் கிளப்புவான், ஜன்னலுக்கு வருவான், கேட்பான். அவள் தலையாட்டுவாள். ஊர் கரண்டுக்காக வேண்டிக்கொண்டது. அவன் அது போவதற்காக வேண்டிக்கொண்டான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் மண்ணைப் போட்டவள் வேறு யாருமில்லை, அந்த டைலரம்மாவேதான்.

மருந்துக்கடையில் ஒரு மத்தியானம் கடைக்காரர்கள் கூடியிருந்தார்கள். வாயில் ஊசி இல்லாமல் அவள் எழுந்து நின்றதே எல்லோருக்கும் ஆச்சரியம்.

"நம்ம எல்லாக் கடைக்கும் ஒரே மொட்டை மாடி. வெயில் சும்மா காயுது. எல்லாரும் சேர்ந்து சோலார் போட்டா என்ன? பகல்ல பேட்டரி நிரம்பிடும், கரண்ட் போனாலும் சாயங்காலம் தாங்கும். இந்தப் புகையில என் கோட்டெல்லாம் கரி படிஞ்சு திரும்பி வருது. சத்தத்துல தலை வெடிக்குது. என்னால முடியல" என்றாள்.

சும்மா சொல்லிவிட்டு உட்காரவில்லை. மழைக்காலத்தில் என்ன செய்வது, கல் எறிந்தால் உடையுமா, யார் பங்கு எவ்வளவு என்று ஆளுக்கொரு சந்தேகம் கிளப்பினார்கள். எல்லாவற்றுக்கும் முன்பே விசாரித்து வைத்திருந்தாள். ஒத்துக்கொள்ளாதவர்களைப் பிறகு கடை கடையாகப் போய்ப் பிடித்தாள். பாத்திரக்கடைக்காரர் மட்டும் பிடிகொடுக்காமல் இழுத்தடித்தார். அவர் வீட்டம்மாவின் ரவிக்கை அளவெடுக்கும்போது அவளிடம் பேசி, அங்கிருந்து வழிக்குக் கொண்டுவந்தாள்.

"பேனலைத் துடைக்க, பேட்டரிக்குத் தண்ணி பாக்க ஓர் ஆள் வேணுமே?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

"வயர் எங்கெங்க போகுதுன்னு தெரிஞ்ச ஆளு நம்மகிட்ட ஒருத்தர்தானே இருக்காரு. அவருக்கே மாசச் சம்பளம் போட்டுடலாம்" என்றாள், கதவோரம் நின்றிருந்த டீசலின் பக்கம் திரும்பாமலே.

டீசலுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நேரே வீட்டுக்குப் போய் அக்காவிடம் கொட்டினான். "கண்ணைக் குத்திட்டுக் கண்ணாடி வாங்கித் தர்றா அந்தம்மா!"

"கண்ணாடி கிடைக்குதே, வாங்கிப் போட்டுக்க. அந்தப் பழைய இஞ்சின் இன்னும் எத்தனை நாளைக்கு இழுக்கும்? அதுக்கும் ஆஸ்துமா, உனக்கும் ஆஸ்துமா" என்றாள் அக்கா.

அக்கா சொன்னது நியாயம்தான். தொழில் போவதைப்பற்றி அவனுக்கும் பெரிய கவலை இல்லை. அவனை வாட்டியது வேறு. சத்தம் போய்விட்டால் அந்த ஒரு கேள்வியை எப்படிக் கேட்பது? அமைதியான தெருவில், அவள் காதில் விழும்படி கேட்க அவனுக்குத் தைரியம் கிடையாது. அவளே வேண்டாமென்று விரட்டுவது அந்தச் சத்தத்தைத்தானே? அப்படியென்றால் தினமும் ஜன்னலில் வந்து வாயசைக்கும் பைத்தியத்தையும் சேர்த்துத்தான் விரட்டுகிறாள் என்று முடிவு கட்டினான். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இருந்தாலும் பேனல் மாட்ட ஆட்கள் வந்தபோது அவனால் கீழே நிற்க முடியவில்லை. வயரைத் தப்பாக இழுத்துவிடுவார்களோ என்று மாடிக்கு ஏறினான். நீலப் பலகைகளை வரிசையாகச் சாய்த்து முடுக்கினார்கள். இணைப்பைக் கொடுத்தார்கள்.

"எப்போ ஓடும்?" என்று கேட்டான்.

"ஓடிட்டுதான் இருக்கு அண்ணே."

"எங்க ஓடுது? சத்தத்தையே காணோம்?"

நம்பாமல் குனிந்து பலகையில் காதை வைத்தான். சூடு சுரீரென்று பட்டது, எழுந்துவிட்டான். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மீட்டரில் எண் ஏறுவதைக் காட்டினார்கள். ஒரு மேகம் வந்தது, எண் இறங்கியது. மேகம் விலகியது, மறுபடி ஏறியது. டீசல் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். கைப்பிடி சுற்ற வேண்டாம், எண்ணெய் ஊற்ற வேண்டாம், இருமல் இல்லை, புகை இல்லை. இத்தனை நாள் தன் தலைமேலேயே இது காய்ந்துகொண்டிருந்ததா என்று அவனுக்கு வியப்புத் தாங்கவில்லை. கோபத்தை வைத்துக்கொள்ளத்தான் பார்த்தான், முடியவில்லை. மறுநாள் விடிந்ததுமே வாளியும் துணியுமாக மாடிக்குப் போய், புறா எச்சத்தைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கிவிட்டான்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல் கரண்ட் போனது, தெருவிளக்கு அணைந்தது.

டீசல் பழக்கதோஷத்தில் கொட்டகைக்கு ஓடிக் கைப்பிடியைப் பிடித்துவிட்டான். பிறகுதான் திரும்பிப் பார்த்தான். கடைகளில் ஒரு பல்புகூட அணையவில்லை. ஃபேன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு சத்தமும் இல்லை.

அந்த நேரம் பார்த்து மருந்துக்கடைக்காரர் தன் வழக்கமான குரலில், "மூலத்துக்கா? ராத்திரி படுக்கும்போது தடவணும்!" என்று முழங்கினார். தெருக்கோடி வரை தெளிவாகக் கேட்டது. எதிரே நின்ற பாத்திரக்கடைக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஒரு கடையில் சிரிப்புக் கிளம்பி, தெரு முழுக்கப் பரவியது. அப்புறம் எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. தெருவே குசுகுசுவென்று பேச ஆரம்பித்தது. கத்திரிக்கோல் துணியை வெட்டும் ஓசையும், தகரத்தின்மேல் புறா நடக்கும் ஓசையும் முதல்முறையாகக் காதில் விழுந்தன.

டீசலின் கால்கள் அவனைக் கேட்காமலே ஜன்னலுக்கு வந்துவிட்டன. அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாயில் ஊசி இல்லை.

"பல்பு எரியுதா?" என்றான்.

"எரியுது." அவள் குரல் இவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

"சரி, வரேன்."

"அவ்வளவுதானா? தினம் இன்னொண்ணும் கேப்பீங்களே?"

டீசலுக்கு வியர்த்துவிட்டது. "அது வந்து... வோல்டேஜ் சரியா வருதான்னு..."

"வோல்டேஜைக் கேக்கும்போது யாருக்காவது காது சிவக்குமா?" அவள் துணியை மடியில் வைத்தாள். "நான் நெனைக்கறதுதானான்னு எனக்கே தெரியாம எத்தனை நாள் தலையாட்டறது? நானா எதையோ நெனச்சுக்கிட்டு வாயைத் திறந்து கேட்டு, அது வேறயா இருந்தா என் மானம் என்னாகறது? உங்க வாய் அசையறது மட்டும் தெரியுது, வார்த்தை வரமாட்டேங்குது. அந்தப் பாழாப்போன சத்தத்தை நிறுத்தினாதான் எனக்கு விடிவுகாலம்னு முடிவு பண்ணேன். அதுக்குத்தான் கடை கடையா ஏறினேன்."

"கோட்டுல கரி படியுதுன்னு சொன்னீங்க?"

"கரிக்கு ஜன்னலைச் சாத்தினாப் போதாதா? ஒரு நாளாவது சாத்தினேனா?"

டீசல் அந்த ஜன்னல் கதவைப் பார்த்தான். கீலில் துரு ஏறி, திறந்தபடியே இறுகிக் கிடந்தது. இத்தனை வருஷம் அதற்கு எதிரில் நின்றவன், அது ஏன் எப்போதும் திறந்திருக்கிறது என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"இப்ப கேளுங்க" என்றாள்.

அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். அந்தக் கேள்வியை மெதுவாகக் கேட்டு அவனுக்குப் பழக்கமே இல்லை. தினமும் எப்படி வந்ததோ அப்படியே வந்தது.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

கூரைமேல் இருந்த புறாக்கள் மொத்தமாகப் பறந்தன. குசுகுசுப்பு நின்றது. கடைக்குக் கடை தலைகள் எட்டிப் பார்த்தன. டீசலுக்கு ஜெனரேட்டருக்குள்ளேயே புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

டைலரம்மா வழக்கம்போல் தலையை ஆட்டினாள்.

"என்னம்மா பதில் சொன்ன?" என்று கத்தினார் மருந்துக்கடைக்காரர். "எங்களுக்குக் கேக்கல!"

அவள் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வாயில் ஊசியோடு வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தவளுக்கு அத்தனை குரல் இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

"சரின்னு சொன்னேன்!"

கரண்ட் வந்தால் போடுவார்களே, அந்த "ஓ!" தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எழுந்தது. பாத்திரக்கடைக்காரர் தன் வெட்கத்தை மறந்து ஒரு தாம்பாளத்தை எடுத்துத் தட்டினார். யாரோ அக்காவைக் கூப்பிட ஓடினார்கள். அவள் அதற்குள் பாதி வழி வந்துவிட்டிருந்தாள். தம்பியின் குரல் வீடு வரை கேட்டதாம்.

நிஜக் கரண்ட் அன்று எப்போது திரும்பி வந்தது என்று அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.