காற்று நின்றால் திறக்கும் கதவுகள்

இன்றைக்குக் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகிற ஒரகடம் பக்கம், 1991 பிப்ரவரியில் நான் மக்கள்தொகைக் கணக்கெடுக்கப் போயிருந்தேன். அப்போது ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஏரிக்கரையை ஒட்டி ஒரே தெரு. புழுதிக் காற்றுக்குப் பயந்து மத்தியானமே பல வீடுகளில் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

மூன்றாவது வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். பதில் சொன்னவர் அறுபதை நெருங்கும் பெண். தாள் பறக்காமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தார். சட்டென்று தாளின் படபடப்பு நின்றது. எதிரே புளியமரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. அவர் பாதிப் பேச்சில் எழுந்துபோய்ப் பின்கதவைத் திறந்து வைத்தார். தெரு நெடுகத் தாழ்ப்பாள்கள் விலகும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் வந்து நின்றார். எல்லாரும் ஏரிப் பக்கமே பார்த்தார்கள்.

“என்னம்மா ஆச்சு?” என்றேன்.

“ஒண்ணுமில்ல டீச்சர். காத்து நின்னா தொறந்து வெச்சிடுவோம்.”

அவருக்குப் பத்து வயதாக இருந்தபோது அடித்த புயலைப் பற்றித் தணிந்த குரலில் சொன்னார்.

“காலைலேந்து வடக்கருந்து அடிச்சிகினே இருந்துச்சி. அப்புறம் இதே மாரி நின்னுடுச்சி. முடிஞ்சிதுன்னு நெனச்சி, தெருவே வெளிய போச்சி. எங்க சித்தியும் மாட்டப் பாக்க ஏரிக்கு போனாங்க. கொஞ்ச நேரத்துல தெக்கருந்து திரும்ப வந்துச்சி.”

சித்தி எப்படியோ வீடுவரை வந்து கதவைத் தட்டியிருக்கிறார். திறந்தால் கூரையே போய்விடும் என்று உள்ளே இருந்தவர்கள் கதவில் முதுகைக் கொடுத்து நின்றுவிட்டார்கள்.

“நானும் தான் நின்னேன் டீச்சர். அவங்க தட்றது என் முதுவுல தெரிஞ்சிது. அப்புறம் தெரில.”

சித்தி கிடைக்கவே இல்லை. தெருவில் இன்னும் சில வீடுகளிலும் அப்படித்தான்.

“தொறந்திருந்தா கூரை போயிருக்கும் இல்ல?” என்று கேட்டார்.

“கண்டிப்பா போயிருக்கும்மா,” என்றேன். எனக்கு என்ன தெரியும்.

அவர் தலையசைத்தார். “பக்கத்து வூட்ல தொறந்தாங்க. அவங்க ஆளு உள்ள வந்துட்டாரு. கூரையும் அப்டியே தான் இருந்துச்சி.”

தாள்களை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். காற்று மறுபடி எழும்வரை அவருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.